பட்டியலில் இல்லாத ராஜாம்பாள்

ராஜாம்பாளுக்கு நல்ல வார்த்தை வராது. தெரியாமல் இல்லை. தெரியும், ஆனால் வாயிலிருந்து எடுத்துக் கொடுக்க மனசு வராது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்தில் கல்யாணமான வருஷத்திலிருந்து இருப்பவள். கத்தி பிடித்தால் ஆம்பளைக்குச் சளைத்தவள் இல்லை என்று மேஸ்திரி கொளஞ்சியப்பனே சொல்வான். சொல்லிவிட்டு அதே மூச்சில், "இவ வாய மட்டும் ஆலையில எடை போட்டா லோடு எங்கியோ போயிடும்" என்பான். கூட்டம் சிரிக்கும். அவள் அவனுடைய அப்பன் பாட்டன் வரைக்கும் போய்விட்டுத்தான் அடுத்த கரும்பை வெட்டுவாள்.

புருஷன் சாராயத்தில் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. ஒரே மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாதத்துக்கு ஒரு முறை வந்து தலை காட்டுவான். வீட்டில் அவளும் மருமகள் ஷாலினியும்தான். ஷாலினி பன்னிரண்டாவது படித்தவள், தியாகதுருகத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். மாமியாரின் பேச்சை மழைச்சத்தம் மாதிரி கேட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள்.

சினிமாக்காரர்கள் வந்தது ஒரு வெட்டு சீசனில். பக்கத்துக் கொல்லையில் கேமராவை நிறுத்தி ஏதோ காதல் பேச்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டுச்சத்தம் மைக்கில் விழுகிறது, ஒரு மணி நேரம் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு பையனை அனுப்பினார்கள். மற்றவர்கள் சந்தோஷமாக நிழலுக்குப் போனார்கள். ராஜாம்பாள் நிமிரக்கூட இல்லை.

"சத்தம் வரக்கூடாதுன்னா சுடுகாட்டுல போயி எடு. இது கரும்புக் கொல்லை. சாயங்காலம் லாரி வந்து நிக்கும், ஏத்தலன்னா ஆலை வாசல்ல உங்கொப்பனா வந்து பதில் சொல்லுவான்?"

பையனுக்குப் பின்னால் தாடி வைத்த ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் இயக்குநர் தமிழழகன். அடுத்த நாள் மேஸ்திரியை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்து, படத்தில் ஒரு அம்மா வேஷம் இருக்கிறது, நடிக்க முடியுமா என்று கேட்டார். "கூலி உண்டா" என்று கேட்டாள் ராஜாம்பாள். உண்டு என்றார். "அப்ப எப்ப வரணும்?"

படத்துக்குச் 'சோகை' என்று பேர் வைத்தார்கள். கரும்பில் காய்ந்து தொங்கும் ஓலையின் பேர். அவளுக்கு நாலு காட்சி. அதில் ஒன்றில், பாரம் ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போன மகனின் உடம்பைக் கொண்டுவந்து வாசலில் போடுவார்கள். மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"எம் புருஷன் செத்ததுக்கே நான் அழுவல. எவனோ பெத்த புள்ளைக்கு எதுக்கு அழுவணும்?" என்றாள்.

"அன்னைக்கு என்ன செஞ்சீங்கம்மா?" என்று கேட்டார் தமிழழகன்.

"திட்னேன்."

அப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் பிணத்தின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எழுந்துரு. பாரத்துக்கு மேல ஏறாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? நான் சொல்லச்சொல்ல தூங்கிக்கினு இருக்கியா? எழுந்து பதில் சொல்லு" என்று ஆரம்பித்து, பிறந்ததிலிருந்து அவன் செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுத் திட்டினாள். பிணமாகப் படுத்திருந்த நடிகரின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அந்த டேக் கெட்டது. இரண்டாவது தடவை அவர் முகத்தில் துண்டைப் போட்டு எடுத்தார்கள்.

படம் வெளியானபோது கள்ளக்குறிச்சி தியேட்டரில் அந்தக் காட்சிக்கு ஒருவர்கூட இருமவில்லை என்று ஷாலினி வந்து சொன்னாள். ராஜாம்பாளும் ஒரு நாள் போய்ப் பார்த்தாள். "மூக்கு இம்மாம் பெருசா தெரியுது" என்றதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. மறுநாள் களை எடுக்கப் போய்விட்டாள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது.

ஒரு தொலைக்காட்சி வருஷா வருஷம் 'பொன்திரை விருது' என்று நடத்துகிறது. அதற்கு முதலில் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பேரைப் பட்டியல் போட்டு அறிவிப்பார்கள். அதில் ஒருவருக்கு மேடையில் விருது. அந்தப் பட்டியல் வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே யூடியூபில் கணிப்புகள் கிளம்பிவிடும். சிறந்த துணை நடிகை என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் முதல் பேராக ஒன்றையே சொன்னார்கள். ராஜாம்பாள். "இவங்க பேர் இல்லன்னா அது பட்டியலே இல்ல" என்று சென்னையில் ஒருவன் அடித்துச் சொன்னான்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷ் உள்ளூரில் ஒரு சினிமா சேனல் நடத்துகிறான். நம்ம மாவட்டத்து ஆளாயிற்றே என்று அவனும் தன் கணிப்பில் அவள் பேரையே சொல்லிவிட்டு, மைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டான்.

"விருது குடுத்தா வாங்கிப்பீங்களாம்மா?"

"குடுத்தா வாங்காம தூக்கியா போடுவேன்? குடுக்கலன்னா எங்க வேலையப் பாத்துக்கினு போவேன்."

வீடியோவில் முதல் பாதிதான் வந்தது. மேலே, 'விருது எனக்குத்தான்: அடித்துச் சொல்லும் ராஜாம்பாள்' என்று தலைப்பு. ஊர் முழுக்க அதைப் பார்த்தது.

வெட்டு சீசன் தொடங்குகிற நேரம் அது. கொளஞ்சியப்பன் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். ராஜாம்பாள் போய் நின்றபோது அவன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

"உன்ன கூட்டிக்கினு போயி நான் இன்னா பண்றது? கையில ஒரு கீறல் பட்டா டைரக்டரு வந்து என்ன கேப்பாரு. பேசாம வூட்ல உக்காரு. அவார்டு வருதில்ல."

"நான் கேட்டனா உன்ன அவார்டு?"

"நீதான் சொல்லிக்கினு கீற, உனக்குத்தான்னு. போன்ல பாத்தனே."

அவளுடைய இடத்தில் அவன் தன் மச்சினிச்சியைச் சேர்த்திருந்தான். கூடவே வேலை செய்த பொம்பளைகள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷம் அவள் வாயில் விழுந்ததெல்லாம் அவர்கள் நினைவுக்கு வந்திருக்கும். ராஜாம்பாள் வழக்கம் போல் அப்பன் பாட்டன் வரைக்கும் போனாள். ஆனால் அன்றைக்கு யாரும் சிரிக்காததால் அது சண்டையாகவே முடிந்தது.

வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த அந்த நாட்களில்தான் அவளுக்குள் அது முளைத்தது. முதலில் ஷாலினி கணிப்பைப் படித்துக் காட்டினால், "மூடிட்டு வேலையப் பாரு" என்பாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு இன்னா சொல்றானுங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஷாலினி அசட்டையாக இருந்த ஒரு நாள், "படிச்சவ, ஒரு போனப் பாத்து சொல்ல முடியல" என்று எரிந்து விழுந்தாள். மேடை எவ்வளவு உயரம் இருக்கும், பேசச் சொல்வார்களா, பேசச் சொன்னால் என்ன பேசுவது என்பதெல்லாம் அவளுக்குள்ளேயே ஓடின. ஒரு நாள் மருமகளுக்குத் தெரியாமல் தியாகதுருகம் போய், பச்சை நிறத்தில் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பட்டியல் அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்தது. தெருவே அவள் வீட்டில் இருந்தது. இடம் இல்லாதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். கொளஞ்சியப்பன் உள்ளே வரவில்லை, வாசற்படியில் சாய்ந்து நின்றான். ஜெயப்பிரகாஷ் டிவியைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேமராவைத் திருப்பி வைத்திருந்தான்.

'சோகை' படம் ஆறு பிரிவில் வந்தது. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் கை தட்டின. சிறந்த துணை நடிகைக்கு ஐந்து பேரைக் காட்டினார்கள். நாலாவதாக 'சோகை' என்ற எழுத்து வந்ததும் ஜன்னலில் இருந்தவர்கள் கத்திவிட்டார்கள். மேலே இருந்த முகம் ராஜாம்பாளுடையது இல்லை. அந்தப் படத்தில் அவளுக்கு மருமகளாக நடித்த பெங்களூர்ப் பெண். ஐந்தாவது பேரும் வந்து போனது. அடுத்து பாடலாசிரியர்கள்.

யாரும் நகரவில்லை. ஜெயப்பிரகாஷ் கேமராவை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"அம்மா, இப்ப எப்டி ஃபீல் பண்றீங்க?"

"வெளிய போ."

"ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, ஏமாத்திட்டாங்கன்னு..."

"வெளிய போடான்னேன்."

வாசற்படியிலிருந்து கொளஞ்சியப்பன், "அவ்ளோதானா? இதுக்கா வேலய வுட்டுட்டு வந்தோம்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். துக்க வீடு என்றால்கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள்.

மறுநாள் ஜெயப்பிரகாஷ் ஒரு வீடியோ போட்டான். 'நம்ம கணிப்பும் நாமினேஷனும்' என்று பேர். திரையில் ஒரு பக்கம் அவன் சொன்ன பேர்கள், மறு பக்கம் வந்த பேர்கள். சரியாக வந்ததற்குப் பச்சை டிக், தவறியதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. ஏறக்குறைய எல்லாமே பச்சை என்று பெருமைப்பட்டுக்கொண்டு கடைசியில், "நாம சறுக்குன ஒரே பெரிய இடம் இதுதான் மக்களே" என்று சொல்லி ராஜாம்பாள் படத்தின் மேல் அந்தச் சிவப்புக் குறியை டொம்மென்ற சத்தத்தோடு போட்டான். அதற்குப் பின்னால், "குடுத்தா வாங்காம தூக்கியா போடுவேன்?" என்ற அவள் குரலை மட்டும் மூன்று தடவை ஓட்டினான்.

ஷாலினி அதை மறைக்கப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். ராஜாம்பாள் மருமகளை எதிரே உட்கார வைத்தாள்.

"கீழ எழுதியிருக்கானுங்களாமே. எல்லாத்தியும் படி."

"வேணாம் அத்த."

"படின்னா படி."

ஷாலினி படித்தாள். "'நாலு சீன் நடிச்சதுக்கே இவ்ளோ திமிரா?'"

"நாப்பது சீன் குடுக்கச் சொல்லு, இன்னும் ஜாஸ்தியா காட்டுறேன்."

"'கரும்பு வெட்டுறவங்கள கரும்பு வெட்ட வுடுங்கப்பா. எதுக்கு அவார்டு?'"

"இந்த நாயி டீயில சக்கர போட்டுக் குடிக்குதா இல்லையான்னு கேளு."

"'மூஞ்சியப் பாரு, இதுக்கு...' வேணாம் அத்த, அசிங்கமா எழுதிக் கீது."

"மூஞ்சி எங்காத்தா குடுத்தது. அவங்காத்தா குடுத்தத காட்டச் சொல்லு. அடுத்தது."

இப்படியே போனது. போனைப் பார்த்து அவள் ஒவ்வொருவனுக்கும் பதில் சொன்னாள். ஷாலினிக்குச் சிரிப்புகூட வந்தது. அப்போது ஒன்று வந்தது. "'அது நடிப்பே இல்லீங்க. அந்தம்மா நெசமாவே அப்டித்தானாம். எங்க ஊருக்குப் பக்கம்தான்.'"

ராஜாம்பாள் போனிலிருந்து முகத்தைத் திருப்பினாள். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு இருந்தாள். பிறகு, "பொறாம புடிச்ச ஊரு. நான் ஆசப்பட்டனா, கேட்டனா?" என்று மருமகள் மேல் பாய்ந்தாள்.

ஷாலினி போனைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து எதிர்த்துப் பேசாதவள்.

"ஆசப்படல இல்ல? அப்ப பொட்டியில கெடக்குற பச்ச ஜாக்கெட்டு யாருக்கு?"

ராஜாம்பாளின் முகம் அறை வாங்கியது போல் ஆனது. எழுந்து வெளியே போய் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். சாயங்காலம் வந்தவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஷாலினி சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். திட்டு விழாத வீட்டில் இருப்பது அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் ராஜாம்பாள் தலையை முடிந்துகொண்டே சொன்னாள்:

"கள்ளக்குறிச்சி போறேன். நீயும் வா. அவன் கடை உனக்குத்தான் தெரியும்."

ஜெயப்பிரகாஷ் அவர்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டான். பேட்டிக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மைக்கைத் தேடினான்.

"அத வையி. எம் பேர எதுக்கு போட்ட, அத சொல்லு."

"நல்லா நடிச்சிருந்தீங்கம்மா, அதான்."

"படம் பாத்தியா நீ?"

"கிளிப்பு பாத்தேன்மா. முழுசா பாக்க டைம் இல்ல."

"அப்ப நல்லா நடிச்சேன்னு உனக்கு எவன் சொன்னான்?"

"சென்னை சேனல்லயெல்லாம் சொன்னாங்க."

"அவனுங்களுக்கு எவன் சொன்னான்?"

அவன் கடைக்கு வந்தவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "படத்து ஆளுங்களேதாம்மா சொன்னாங்க. விளம்பரம் பாக்குறவரு எல்லா சேனலுக்கும் போன் பண்ணாரு. அந்தக் கரும்புக்காரம்மா பேர முதல்ல சொல்லுங்க, படத்தப் பத்தி நாலு பேரு பேசுவாங்கன்னு."

"நாமினேஷனுக்கு பேரு அனுப்புறது யாரு?"

"அதுவும் அவுங்கதான். ஒரு பிரிவுக்கு ஒரு பேருதான் அனுப்பலாம். அந்த பெங்களூர் மேடம் பேர அனுப்பிட்டாங்க. அவுங்கன்னா ஃபங்ஷனுக்கு வருவாங்க, டிவியில ஜனங்க பாப்பாங்க. உங்க பேரு..." அவன் வார்த்தையைத் தேடினான். "கணிப்புக்கு நல்லா இருந்துச்சு."

ஷாலினி மாமியாரின் கையைப் பிடித்தாள். ராஜாம்பாள் உதறினாள்.

"அந்த செவப்பு கோடு போட்டியே, அத எடு."

"நல்லா போய்க்கினு இருக்கும்மா, வியூஸ் வருது. ரெண்டு நாள் கழிச்சு..."

அவள் கடைக்கு வெளியே வந்து வாசலில் நின்றாள். பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடை. சங்கராபுரம் பஸ்ஸுக்கும் சின்னசேலம் பஸ்ஸுக்கும் நின்ற கூட்டம் அவ்வளவும் திரும்பிப் பார்க்கும்படி ஆரம்பித்தாள்.

"படத்த பாக்காம பேர சொன்னவன் இவன்தான். நல்லா பாத்துக்கோங்க. எவனோ சொன்னான்னு எம் பேர தூக்கினு போயி ஏலம் போட்டுட்டு, ஏலம் போவலன்னதும் கோடு போட்டு கடாசிட்டான். எஞ்சீசன் போச்சு, எம்பொழப்பு போச்சு. எம் மூஞ்சி மேல கோடு போட நீ யாருடா? கரும்ப அடியில நான் வெட்டுறேன், நீ ஆளு கழுத்துல வெட்டுற."

போன் ரிப்பேருக்கு வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பத்துப் பேர் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ஜெயப்பிரகாஷ் உள்ளே நின்று வியர்க்க வியர்க்க வீடியோவை அழித்தான். அவன் போனை ஷாலினி வாங்கிப் பார்த்து, "போயிடுச்சு அத்த" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். வழியில் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஷாலினி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தாள். அதற்கு மேல் அவர்களுக்குள் சமாதானம் என்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஷாலினிக்குத் திட்டு விழ ஆரம்பித்தது, அவளுக்கும் நிம்மதியானது.

பஸ் ஸ்டாண்டில் எடுத்த வீடியோக்கள் எங்கெங்கோ போயின. ஒரு வாரத்தில் ஷாலினி போனில் தமிழழகன் கூப்பிட்டார்.

"அம்மா, நடந்தது எனக்குத் தெரியாதும்மா. தயாரிப்பாளர் தரப்புல..."

"தெரியாதா?"

"தெரியும். சொல்லிப் பாத்தேன், ஒரு பேருதான்னுட்டாங்க."

"எனக்கு ஒரு போன போட்டு, உம் பேரு வராதுன்னு சொல்லியிருந்தா, டிவிய போட்டு தெருவையே வூட்ல உக்கார வச்சிருப்பனா நான்?"

"தப்புதான்."

"தப்புன்னு சொல்றது சுலுவா கீது உனக்கு."

அவர் அடுத்த படத்தைப் பற்றிச் சொன்னார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் எடுக்கப் போகிறார். அதிலும் அவளுக்கு ஒரு வேஷம். மாமியார் முடியாது என்று சொல்லிப் போனை வைக்கப் போகிறாள் என்று ஷாலினி நினைத்தாள். ராஜாம்பாள் அடுப்பில் கிடந்த கட்டையைத் தள்ளிவிட்டு யோசித்தாள். சீசன் கைவிட்டுப் போயிருந்தது. கொளஞ்சியப்பன் காலில் விழுவதற்கு இது எவ்வளவோ மேல்.

"கூலிக்கு வரேன். எம் பேர சொல்லிக்கினு எவனும் எங்கியும் போவக் கூடாது. போனான்னு கேள்விப்பட்டேன், பாதியில இறங்கி வந்துடுவேன்."

இதற்கிடையே விருது விழா நடந்தது. பெங்களூர்ப் பெண்ணுக்கும் கிடைக்கவில்லை, வேறொருத்திக்குப் போனது. ஷாலினி வந்து சொன்னபோது, "அந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னா கோவம்?" என்று மட்டும் சொன்னாள். ஊரில் கொளஞ்சியப்பன் எதிரே வந்தால் இரண்டு பேரும் ரோட்டின் இரண்டு ஓரத்துக்குப் போனார்கள்.

மலையில் குளிர் விடாத நாட்கள். ராஜாம்பாள் நேரத்துக்கு வந்தாள், சொன்ன இடத்தில் நின்றாள், வசனத்தைச் சொன்னாள். வசனத்தைத் தவிர தமிழழகனிடம் ஒரு சொல் பேசவில்லை. உதவியாளர்களிடம் பேசினாள், சமையல்காரனைக் குழம்புக்காகத் திட்டினாள், லைட் தூக்கும் ஆட்களை ஒதுங்கச் சொன்னாள். இயக்குநர் வந்து நின்றால் மலையைப் பார்ப்பாள். அவர் நாற்காலி கொடுத்தால் பாறையில் உட்காருவாள். அவளைச் சமாதானப்படுத்த அவர் சொன்ன வேடிக்கைகளுக்கு மற்றவர்கள்தான் சிரித்தார்கள்.

கடைசி நாள் அவள் பங்கு முடிந்தது. காட்சியில் தன் நிலத்தை அளக்க வந்த ஆட்களை அவள் விரட்ட வேண்டும். விரட்டினாள். அளக்க வந்தவர்களாக நடித்தவர்களில் ஒருவர் எழுதியதைவிட நாலு அடி கூடுதலாகவே பின்வாங்கினார். கட் சொன்ன பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு, கீழே இறங்கும் வேனுக்கு நடந்தாள். தமிழழகன் பின்னாலேயே வந்தார்.

"அம்மா. இன்னும் கோவமா?"

அவள் வேனில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கிட்ட கோவம் இல்லன்னா நீ என்ன எதுக்குக் கூப்புட்ட?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் டிரைவரின் முதுகில் தட்டினாள். "வண்டிய எடு. கச்சிராயப்பாளையத்துல கடைசி பஸ்சு போயிடப் போவுது."